கல்லாற்று மனுவும் பனி ஆற்று விதியும்

பெரியகல்லாற்றுப் பிரதான வீதியில், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, ஒற்றைக் கதவு வைத்த சின்ன அறையில் இருந்துகொண்டு சுலோஜனா இருபத்தெட்டு வருடமாக மனு எழுதுகிறாள். உறுதிப் பத்திரம் தொலைந்த காணிக்காரர், உதவிப் பணம் நின்றுபோன விதவைகள், வலை அறுந்த மீனவர் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். வந்து கதிரையில் உட்கார்ந்ததும் பாதிப் பேர் அழத் தொடங்கிவிடுவார்கள். சுலோஜனாவுக்கு அது பிடிக்காது.

"அழுறதப் பிறகு பாப்பம். என்ன நடந்த? எங்க நடந்த? எப்ப, எத்தின தரம்? ஆருக்கு நட்டம்? என்ன செய்து தரச் சொல்லிக் கேக்கிறாய்? இந்த அஞ்சையும் சொல்லு" என்பாள்.

கல் நெஞ்சுக்காரி என்று சொல்வோரும் உண்டு. ஊரில் அவளுக்கு 'அஞ்சு கேள்வி அக்கா' என்றே பெயர். ஆனால் அவள் எழுதிய மனுவை எந்தக் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தாலும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு சந்தேகமும் வராது. முகம் தெரியாத ஒருவருக்கு, தூரத்தில் இருந்துகொண்டு, தன் கஷ்டத்தை விளங்கவைப்பது லேசான வேலை இல்லை. அதில் அவளை அடிக்க அந்தப் பகுதியில் ஆளில்லை.

அவளுக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. எந்த மனு எழுதினாலும் ஒரு பிரதி எடுத்துத் தன் இரும்பு அலுமாரிக்குள் வைத்துவிடுவாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு அவளுடைய அண்ணன் காணாமல் போனபோது அவளுக்குப் பதினாறு வயது. அம்மா யார் யாரையோ பிடித்து மனு எழுதுவித்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. பிறகு ஒருநாள் ஒருவர், "எந்த மனு, எந்தத் திகதி, பிரதி இருக்கிறதா?" என்று கேட்டார். அம்மாவின் கையில் ஒரு துண்டுகூட இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சுலோஜனா தட்டச்சுப் படித்தாள். எழுத்தில் இருப்பதுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் காற்று என்பது அவள் கட்சி. அந்தக் கட்சிதான் போன மாரியில் அவளைக் குப்புறத் தள்ளியது.

அண்ணனுக்குப் பிறகு அவளுக்கு மிஞ்சிய ஒரே உடன்பிறப்பு தம்பி வினாயகமூர்த்தி. வெல்லாவெளியில் கலியாணம் முடித்து, அங்கேயே ஒரு வட்டையில் நாலு ஏக்கர் வெள்ளாமை செய்கிறான். மழைக்காலத்தில் அந்த வயல்வெளியின் தண்ணீர் எல்லாம் வாவிக்குள் இறங்கி, கல்லாற்றுப் பக்கமாகக் கடலுக்குப் போக வேண்டும். ஆனால் வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல் மேடு அடைத்துக்கொண்டு கிடக்கும். தண்ணீர் ஏற ஏற அந்த மேட்டை மனிதர்தான் வெட்டிவிட வேண்டும். முன்பு மண்வெட்டி, இப்போது பெக்கோ இயந்திரம். இதற்கு ஆற்றுவாய் வெட்டுவது என்று பெயர். நேரத்துக்கு வெட்டினால் ஊர் பிழைக்கும், பிந்தினால் வயல் அழுகும்.

ஒவ்வொரு வருடமும் வெட்டச் சொல்லி மனு எழுதுபவள் சுலோஜனா. வெட்டியபின் நன்றிக் கடிதம் எழுதுபவளும் அவளே. "நன்றி சொல்லாத வாய்க்கு அடுத்த முறை சோறு கிடையாது" என்பாள். இரண்டு கடிதத்திலும் அளவு இருக்கும்: கல்லாற்றுப் பாலத்துக் கம்பத்தில் எத்தனை அடி, வெல்லாவெளிப் பக்கத்துப் பாலத்துக் கம்பத்தில் எத்தனை அடி, எத்தனை மணிக்கு. கல்லாற்று அளவை அவள் பார்ப்பாள். வெல்லாவெளி அளவை வினாயகமூர்த்தி தண்ணீருக்குள் இறங்கி நின்று, கம்பத்தைப் பார்த்து, போனில் சொல்லுவான். "எழுது அக்கா" என்று முடிப்பான்.

போன மாரி தொடங்கச் சற்று முன்பு அந்தக் கம்பங்களில் சின்னக் கருவிகளைப் பூட்டினார்கள். அவை சொல்லும் அளவைப் போனிலேயே பார்க்கலாம். செயலிக்குப் பெயர் நீர்க்கண். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் வெளிக்கிடு. காசு கட்டத் தேவையில்லை. யாரோ எங்கேயோ இருந்து செய்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். சுலோஜனாவுக்கு அது எழுத்தில் இருந்தது, அது போதும்.

போன மாரியில் நீர்க்கண் சிவந்ததும் வினாயகமூர்த்தி பெண்சாதியோடு, வெள்ள நேரத்தில் ஊர்ச் சனம் தங்கும் பாடசாலைக்குப் போய்விட்டான். அடுத்த நாள் காலை ஆற்றுவாய் வெட்டினார்கள். சுலோஜனா பாலத்தில் நின்று பார்த்தாள். பழுப்புத் தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்குப் போயிற்று. பாலத்துத் தூணில் ஈரக்கோட்டை விட்டுத் தண்ணீர் ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு முழம் இறங்கியது. ஆனால் போனைப் பார்த்தால் சிவப்பு. மத்தியானமும் சிவப்பு. மறுநாளும் சிவப்பு. தம்பி போனில் கேட்டான், "அக்கா, போய் வக்கடையத் திறந்து வயல் தண்ணிய விடட்டா?" அவள், "வேணாம் தம்பி, இன்னும் சிவப்பெண்டுதான் கிடக்கு" என்றாள். தன் கண்ணால் பார்த்ததைவிட எழுத்தில் இருந்ததை நம்பினாள். மூன்றாம் நாள் அவன் போய்ப் பார்த்தபோது வாவி வடிந்திருந்தது, வரப்புக்குள் தேங்கிய தண்ணீர் மட்டும் அப்படியே நின்றது. நாலு ஏக்கர் இளம் பயிர் அழுகி நாறியது.

அவன் அக்காவை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

"இனி நான் போனப் பாத்து ஓட மாட்டன். எவ்வளவு தண்ணி வந்தாலும் வட்டையிலதான் இரிப்பன். அளவும் எடுக்க மாட்டன். என்னக் கேக்காத" என்றான்.

அவன் சொன்னால் செய்வான். அடுத்த வெள்ளம் வரும்போது அந்த மனிதன் வயல் நடுவே காவல் கொட்டிலான வாடியில் தனியாக இருப்பான். அந்த நினைப்பு சுலோஜனாவைத் தின்றது. ஒரு தம்பியையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு எவனுக்கு மனு எழுதுவது?

தை மாதத்தில் ஒரு காலை அவள் கணினியின் முன் உட்கார்ந்தாள். நீர்க்கண்ணின் அடியில் 'பிழை தெரிவிக்க' என்று ஓர் இடம் இருந்தது. அங்கே என்ன எழுதுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்ததை எழுதினாள். பெறுநர்: மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்கள். விடயம்: ஆற்றுவாய் வெட்டிய பின்னும் மூன்று நாள் சிவப்பாய் இருந்தமை. பிறகு ஐந்து கேள்விக்கும் ஐந்து பந்தி. தன் தம்பியின் நாலு ஏக்கர், அவன் எடுத்திருக்கும் சபதம், அடுத்த மாரிக்குள் இதைத் திருத்தித் தராவிட்டால் ஓர் உயிர் போகலாம் என்பது எல்லாம். கீழே பிரதிகள்: மீனவர் சங்கம், கமக்காரர் அமைப்பு, தன் அலுமாரிக் கோவை. அனுப்பிவிட்டு, ஆறு மாதத்துக்குப் பதில் வராது என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்து கணினியைப் போட்டால், நாலு பதில்.

சுலோஜனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினாள். நாலுதான்.

முதலாவது பிரேசில் நாட்டில் இருந்து இனெஸ் என்ற பெண் எழுதியது. மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் தமிழ் கொஞ்சம் நொண்டியது, ஆனாலும் விளங்கிற்று. இங்கே பணிப்பாளர் என்று யாரும் இல்லை அம்மா, என்று எழுதியிருந்தாள். பதினேழு பேர் அடிக்கடி வேலை செய்கிறோம், இன்னும் நூறு பேர் வந்து வந்து போவார்கள், நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. உங்கள் மனுவை எல்லோரும் வாசிக்க வைத்திருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வாவியிலும் மீனவர் மணலை வெட்டித்தான் தண்ணீரைக் கடலுக்கு விடுகிறார்கள்.

இரண்டாவது நியூஸிலாந்தில் இருந்து இன்னொரு பெண் எழுதியது. நாங்களும் வெட்டுகிறோம். மூன்றாவது தென்னாபிரிக்காவில் இருந்து. நாங்களும்தான். மூன்று ஊரிலும் வெட்டிய பிறகு சிவப்பு நகராமல் நின்றிருக்கிறது. மூன்று ஊர்க்காரரும் தங்கள் கருவிதான் பழுது என்று நினைத்து, அதைக் கழற்றிப் புதிது பூட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

சுலோஜனாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கல்லாற்றுக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று அவள் நினைத்தது உலகத்தின் மூன்று மூலையிலும் இருந்திருக்கிறது. யாரும் ஒரு மனு எழுதவில்லை, அவ்வளவுதான்.

நாலாவது பதில் பின்லாந்தில் இருந்து, யுஹானி என்பவர் எழுதியது. அந்த விதியை எழுதியவன் நான், என்று தொடங்கியிருந்தார். எங்கள் ஆறு குளிர்காலத்தில் உறையும். பனிக்கட்டி கருவியைப் பிடித்துக்கொண்டால், தண்ணீர் ஒரு மணித்தியாலத்தில் இரண்டடி இறங்கியதாக அது பொய் சொல்லும். அதனால், தண்ணீர் அவ்வளவு வேகமாக இறங்கினால் நம்பாதே, பழைய அளவையே காட்டு என்று பதினொரு வருடத்துக்கு முன்பு எழுதி வைத்தேன். மனிதர்கள் வெட்டித் தண்ணீரை இறக்கும் ஊர்கள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பனிக்கட்டி. சுலோஜனா வாழ்க்கையில் பனிக்கட்டியைக் கண்டது சர்பத்துக் கோப்பைக்குள். அப்படி ஓர் ஆற்றுக்கு எழுதிய விதி வந்து வெல்லாவெளியில் வெள்ளாமையை அழுகவைத்தது ஒரு வியப்பு என்றால், அதை எழுதியவர் ஒளிக்காமல் முன்னுக்கு வந்து நின்றது அதைவிடப் பெரிய வியப்பு. இருபத்தெட்டு வருடத்தில் எந்த மேசையில் இருந்தும் 'நான்தான்' என்று ஒருவர் எழுதி அவள் பார்த்ததில்லை.

தம்பிக்கு எடுத்துச் சொன்னாள். "மன்னிப்பு நெல்லாகுமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தான்.

விதியை எடுத்தெறியவும் முடியாது. எடுத்தால் பனி ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு, வெள்ளம் நிற்கும்போதே பச்சை காட்டிவிடும். அங்கேயும் உயிர்தானே. என்ன செய்வது என்று ஒன்பது நாள் எழுத்திலேயே வாதம் நடந்தது. தலைவர் இல்லை, கூட்டம் இல்லை, மாலை மரியாதை இல்லை. கருத்து உள்ளவர் எழுதுவார், பிழை கண்டவர் மறுத்து எழுதுவார், மறுக்க ஒன்றும் இல்லாதது நிலைக்கும். ஒருநாள் யுஹானி சொன்ன ஒரு வழியை, நேற்றுத்தான் சேர்ந்த ஒருவர் பிழை என்றார். யுஹானி, "சரி, நீங்கள் சொல்வதுதான் சரி" என்று எழுதிவிட்டுத் தன் வழியைக் கைவிட்டார். நம்மூர்ச் சங்கமாக இருந்தால் கதிரை பறந்திருக்கும்.

சுலோஜனா காலையில் கடை திறக்கும்போது நியூஸிலாந்துக்காரி அன்றைய வேலையை முடித்துக் குறிப்பு எழுதி வைத்திருப்பாள். சுலோஜனா மத்தியானச் சோறு தின்னும் நேரம் பின்லாந்தில் யுஹானி எழும்பி அதைப் பிடித்துக்கொள்வார். அவள் கதவைச் சாத்தும்போது இனெஸ் தொடங்குவாள். மட்டக்களப்பில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் இந்தக் கரையில் எழுந்து அந்தக் கரையில் படும். இவர்களுக்கோ உலகம் முழுவதும் ஒரு வாவிதான். ஒருவர் கை ஓயும்போது வெயில் எழும் கரையில் இன்னொருவர் கை வைத்தார். எழுதிவைத்த குறிப்பைத் தவிர அவர்களை இணைக்க வேறொன்றும் இல்லை. அந்தக் குறிப்புகளை வாசிக்க வாசிக்கச் சுலோஜனாவுக்குக் கை எடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

பத்தாம் நாள் வேலை அப்படியே நின்றது. ஆற்றுவாய் வெட்டியபோது தண்ணீர் எப்படி இறங்கியது என்ற பழைய அளவுகள் வேண்டும், அவை இல்லாமல் எந்த வழி சரி என்று சோதிக்க முடியாது என்றார்கள். பிரேசிலில் இல்லை. நியூஸிலாந்தில் இல்லை. தென்னாபிரிக்காவிலும் இல்லை. வெள்ள நேரத்தில் யார் குறித்து வைப்பார்கள் என்று இனெஸ் எழுதினாள்.

சுலோஜனா மெல்லத் திரும்பி இரும்பு அலுமாரியைப் பார்த்தாள்.

போன மாரிக்கு முந்திய பதினொரு வருடத்து மனுவும் பதினொரு வருடத்து நன்றிக் கடிதமும் ஒரே கோவையில் இருந்தன. ஒன்றில் வெட்ட முன் அளவு, மற்றதில் வெட்டிய பின் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் எடுத்த அளவு. ஒன்றுக்கும் எழுத்தில் பதில் வந்ததில்லை. சில வருடம் காரியம் நடந்தது, சில வருடம் பிந்தி நடந்தது. அவள் ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணி அனுப்பினாள். வெயில் ஏறி இறங்கிற்று. மனு எழுத வந்த இரண்டு பேரை நாளைக்கு வரச் சொன்னாள்.

மறுநாள் காலையில் யுஹானியின் குறிப்பு ஒன்று காத்திருந்தது. "பதினொன்றையும் வாசித்தோம்."

இத்தனை நாள் ஆட்களை அழ விடாத சுலோஜனா அன்று கதவைச் சாத்திவிட்டு அழுதாள். வாசித்தோம். அம்மா சாகும்வரை எதிர்பார்த்தது இந்த ஒரு சொல்லைத்தான். அது எங்கேயோ பனிக்குள் இருக்கும் ஒருவரிடம் இருந்து, ஆற்றுவாய் மனுவுக்காக வந்திருக்கிறது.

வழி அந்தக் கடிதங்களுக்குள்ளேயே கிடந்தது. நியூஸிலாந்துக்காரிதான் கண்டுபிடித்தாள். பனிக்கட்டி பிடித்தால் ஒரு கம்பம் மட்டும் இறங்கியதாகக் காட்டும். ஆற்றுவாய் வெட்டினால் முதலில் கல்லாற்றுக் கம்பம் இறங்கும், மூன்று மணித்தியாலம் கழித்து வெல்லாவெளிக் கம்பம் இறங்கும். பதினொரு வருடமும் அதே ஒழுங்கு. கம்பங்கள் வரிசையாக இறங்கினால் நம்பு, ஒன்று மட்டும் இறங்கினால் நம்பாதே. அவ்வளவுதான் புது விதி. வினாயகமூர்த்தி தண்ணீருக்குள் நின்று பார்த்துச் சொன்ன அளவு இல்லாவிட்டால் அது யாருக்கும் பிடிபட்டிருக்காது.

இன்னொன்றும் செய்தார்கள். அந்தப் பதினொரு வெட்டுகளையும் சோதனைகளாக மென்பொருளுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இனி உலகத்தில் எந்த மூலையில் எவர் நீர்க்கண்ணில் ஒரு வரியை மாற்றினாலும், அந்த மாற்றம் முதலில் கல்லாற்றின் பதினொரு வருடங்களுக்கும் சரியான விடை சொல்ல வேண்டும். ஒன்றில் தவறினாலும் ஏற்கமாட்டார்கள். இதை இனெஸ் விளக்கியபோது சுலோஜனா மூன்று தரம் வாசித்தாள். பதில் வராத அந்தத் தாள்களுக்கு இனி நாளுக்கு நாள் எவராவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மார்கழியில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு நீர்க்கண் சிவந்தது. சுலோஜனா தம்பிக்கு எடுத்தாள். அவன் வாடியில் இருந்தான். தகரத்தில் மழை விழும் சத்தம் அவன் குரலை அமுக்கியது.

"தம்பி, சிவப்பு. பொழுதுபடுகிறதுக்குள்ள உன்ட பக்கத்துப் பாலம் மூடிரும். வெளிக்கிடு."

"போன வருசமும் சிவப்புத்தான் அக்கா."

"போன வருசம் கடைசியாப் பிழை விட்டது நான். தண்ணி இறங்கிறதக் கண்ணால பாத்துப்போட்டும் உன்னப் போக விடல்ல. அதுக்கு நீ என்ன என்ன வேணுமெண்டாலும் சொல்லு. இப்ப வெளிக்கிடு."

"எங்கயோ இரிக்கிறவனுக்கு எங்கட வட்டையப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியா. தெரியாதெண்டு அவங்களே சொல்லித்தான் எங்களக் கேட்டாங்க. மூர்த்தி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. பதினொரு வருசம் நெஞ்சளவு தண்ணிக்குள்ள நிண்டு கம்பத்தப் பாத்து அளவு சொன்னது ஆரு?"



"நான்தான்."

"அந்த அளவுதான்டா அதுக்குள்ள கிடக்கு. ஒண்டு விடாமக் கிடக்கு. அது இப்ப பாக்கிறது உன்ட கண்ணால. உன்ட கண்ணையும் நம்ப மாட்டியா?"

மழை இரைந்தது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். கடவுளே, இவன் பிடிவாதம் அப்பாவின் பிடிவாதம்.

"மாட்டச் சாய்ச்சிக்கிட்டு வாறன்" என்றான்.

ஐந்து மணிக்கு அவன் மாடுகளோடு பாலத்தைத் தாண்டினான். ஆறு மணிக்குப் பாலம் தண்ணீருக்குள் மறைந்தது. வாடியும் மறைந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெக்கோ ஆற்றுவாயை வெட்டியது. சுலோஜனா இந்த முறையும் பாலத்தில் நின்றாள், ஒரு கண் தண்ணீரிலும் ஒரு கண் போனிலுமாக. ஒன்பது மணிக்குக் கல்லாற்று அளவு இறங்கியது. சிவப்பு அசையவில்லை.  பத்து, பதினொன்று. பன்னிரண்டு தாண்டியதும் வெல்லாவெளிக் கம்பமும் இறங்கத் தொடங்கிற்று. சிவப்பு மஞ்சளானது. அடுத்த கணம் நீர்க்கண் பக்கத்தில் குறிப்புகள் வந்து விழுந்தன. பின்லாந்தில் காலை, நியூஸிலாந்தில் பொழுதுபடும் நேரம். பிரேசிலில் இன்னும் விடியவில்லை, இனெஸ் தூங்காமல் விழித்திருந்திருக்கிறாள். எல்லோரும் பெயர் தெரியாத ஒரு வட்டைக்காக அந்த இரண்டு கம்பங்களையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். "நகர்ந்துவிட்டது" என்று யுஹானி எழுதினார். "தம்பி எங்கே?" என்று இனெஸ் கேட்டாள்.

தம்பி பாடசாலையில் இருக்கிறான் என்று எழுதக் குனிந்தபோதே அவளுக்கு ஒரு ஞாபகம் வந்தது. நன்றிக் கடிதம். அறைக்குப் போய்க் கணினியின் முன் உட்கார்ந்தாள். பெறுநர் என்று அடித்துவிட்டு யோசித்தாள். பணிப்பாளர் இல்லை. தலைவர் இல்லை. கடைசியில், 'பெறுநர்: வேலை செய்த எல்லோரும்' என்று அடித்தாள். வெட்டிய திகதி அடித்தாள், மணி அடித்தாள், கல்லாற்று அளவை அடித்தாள். வெல்லாவெளி அளவுக்கான இடம் வெறுமையாக இருந்தது. கருவி சொன்ன அளவு போனில் இருந்தது, அதைப் பார்த்துப் போட்டிருக்கலாம். கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. தண்ணீர் சலசலக்கும் சத்தம்.

"வக்கடையெல்லாம் திறந்து விட்டுட்டன். பயிர் தப்பும்போலதான் கிடக்கு" என்றான் வினாயகமூர்த்தி. அவனுக்கு மூச்சு வாங்கியது. "இப்ப கம்பத்தடியில நிக்கிறன். நாலடி ரெண்டங்குலம். எழுது அக்கா."